ஊதி விளையாடியவர் மேல் ஒரு காப்பிரைட் கேஸ்

போன வாரம் தோட்டத்தில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பேசியவர், நான் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. என் பேரை யாரோ சொல்லியிருக்கிறார்கள். "மேடம், ஒரு பழைய வீடியோ கேம். கம்பெனிக்காரனே விற்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அதை ஒருத்தர் காப்பி எடுத்து, கொஞ்சம் மாற்றி, நாலு பேருக்குக் கொடுத்திருக்கிறார். குற்றமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று மலையாளத்தில் கேட்டார்.

சட்டத்தில் ஒரே வார்த்தையில் பதில் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். "அந்த விளையாட்டை ஓட்டிப் பார்த்தீர்களா" என்றேன். இல்லை என்றார். "ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. பாவம், புதுசு. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்து அவருக்காக எழுத ஆரம்பித்தேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது வாசித்துக் காட்டட்டும், நான் என் வேலைக்காலத்தில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

நான் பாலக்காட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வடகரப்பதிக்காரி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தென்னையும் மாடும்தான் பிழைப்பு. கேரளாவில் பிறந்து, தமிழில் படித்து, பரீட்சை எழுதி கேரள போலீஸில் சேர்ந்தேன். டிரெயினிங்கில் மற்றவர்களுக்கு ஓட்டமும் பரேடும் கஷ்டம். எனக்கு மலையாளத்தில் ரிப்போர்ட் எழுதுவதுதான் கஷ்டம். நான் முதலில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த இன்ஸ்ட்ரக்டர், "இதென்ன, கோலமா" என்று கேட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார். அந்த ஆத்திரத்திலேயே படித்தேன். பயிற்சி முடியும்போது எங்கள் பேட்ச்சில் என் கையெழுத்துக்குத்தான் பேர். அந்தப் பேரே எனக்கு வினையாகப் போயிற்று. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் என்னை ரைட்டர் மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

தமிழ் தெரியும் என்று இடுக்கிக்குத் தூக்கிப் போட்டார்கள். ஏலத்தோட்டத்து ஜனங்களின் தமிழ் தேனி, மதுரைப் பக்கத்துத் தமிழ். என்னுடையது கொங்குத் தமிழ். நான் "அக்கட்டால தள்ளி நில்லுங்க" என்று அதட்டினால் பயப்பட வேண்டிய ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஏட்டம்மா எந்த ஊருக்காரவுக" என்று அடுத்த கேள்வி வரும். அதட்டல் அத்தோடு போயிற்று.

அங்கே எஸ்.ஐ.யாக இருந்தவர் வர்கீஸ் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சோதனைக்குப் போகிற வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றி வைப்பார். அவர் கழற்றினால் நாங்களும் கழற்றத்தான் வேண்டும். மழைக்காலத்தில் ஈர சாக்ஸோடு அடுத்தவர் வீட்டுக்குள் நடப்பது எவ்வளவு அவதி என்று நடந்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். தொப்பியைத் தலையில் வைத்தால் அதற்குமேல் பேசப்போவது வர்கீஸ் இல்லை, எஸ்.ஐ. என்று அர்த்தம்.

அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று மகசர் பற்றியது. எந்த இடத்தில், யார் முன்னிலையில், எந்தப் பொருளை ஜப்தி செய்தோம் என்று அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுதுகிற அறிக்கைதான் மகசர். மலையாளத்தில் எழுதுவோம். அக்கம்பக்கத்து ஆட்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். எழுதி முடித்ததும் வர்கீஸ் சார் என் பக்கம் திரும்பி, "ருக்குமணி, வாசிச்சுக் கொடு" என்பார். பொருளைப் பறிகொடுக்கிறவருக்கு அவர் பாஷையில் ஒரு வரி விடாமல் சொல்ல வேண்டும். சொன்னது புரிந்ததா என்று அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும். அவசரமாக ஸ்டேஷனுக்குத் திரும்ப வேண்டிய நாளிலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இன்னொன்று, ஓடுகிற பொருள் எதுவானாலும் ஓட்டிப் பார்க்காமல் அரக்கு வைக்கக் கூடாது. அவர் சின்ன அதிகாரியாக இருந்தபோது ஒரு கடையில் திருட்டு சி.டி. என்று மூட்டை கட்டி கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அங்கே மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் சி.டி. கடைக்காரர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து வர்கீஸ் சாருக்கு எல்லாம் ஓடிக் காட்ட வேண்டும். மிக்ஸி, டி.வி., களவுபோன மோட்டார், எதுவானாலும். அதுவும் புகார் கொடுத்தவரே ஓட்டிக் காட்ட வேண்டும். "உன்னுடையது என்றால் உனக்கு ஓட்டத் தெரியுமே" என்பார்.

காப்பிரைட் கேஸ்கள் எங்கள் பக்கம் அதிகம் வராது. வந்தவற்றில் ஒன்று, பழைய வீடியோ கேம்களை ஆயிரக்கணக்கில் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்றி விற்றுக்கொண்டிருந்த ஒரு மொபைல் கடை. ஓட்டிப் பார்த்தோம், எல்லாம் கடகடவென்று ஓடியது. கடைக்காரர் நியாயம் பேசினார். இதெல்லாம் எந்தக் காலத்து விளையாட்டு, கேட்பாரற்றுக் கிடக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்றார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா. பழசானால் பொதுச்சொத்து என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுக்கும் புத்தகத்துக்கு இருப்பது போலவே உரிமை உண்டு, அது லேசில் தீராது. கடையில் விற்பதை நிறுத்திவிட்டதால் உரிமை போய்விடாது. வர்கீஸ் சார் இதையெல்லாம் விளக்கவில்லை. "உன் வீட்டுப் பின்னால் நிலம் சும்மாதானே கிடக்கிறது, நான் வந்து மரவள்ளி நடட்டுமா" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேஸ் சுலபம். கஷ்டமான கேஸ் ஆனைக்கரையில் வந்தது.

ஒரு விளையாட்டுக் கம்பெனியின் சார்பில் கொச்சியிலிருந்து அனூப் என்ற இளைஞர் புகார் கொண்டு வந்தார். கம்பெனியின் பழைய விளையாட்டு ஒன்றை யாரோ காப்பி எடுத்து, மாற்றி, இன்டர்நெட்டில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டிருக்கிறார்கள். அதன் கீழே, சந்தேகம் இருந்தால் ஆனைக்கரை பஜாரில் செல்வின் கடையில் கேட்கவும் என்று எழுதியிருக்கிறது. அனூப் அதைத் தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இறக்கி, முதல் திரையைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தார். காப்பி எடுத்தது ஒன்று, மாற்றியது இரண்டு, பரப்பியது மூன்று என்று விரல் விட்டுச் சொன்னார். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. செல்வின் பேரில் எஃப்.ஐ.ஆர். போட்டோம். அந்தச் சட்டத்தில் எஸ்.ஐ.க்கு வாரண்ட் இல்லாமலே ஜப்தி செய்ய அதிகாரம் உண்டு. ஜாமீன் ஸ்டேஷனில் கொடுக்க முடியாத குற்றம்.

செல்வின் டி.வி.யும் போனும் ரிப்பேர் செய்கிறவர். நாற்பது தாண்டிய ஒல்லியான மனிதர். நாங்கள் போனதும் கடையில் இருந்த பெண்மணியின் போனுக்கு மூடியை அவசரமாகப் பூட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்களோடு ஜீப்பில் ஏறிக்கொண்டார். "கேம் இங்க இல்ல சார். அது முருகேசன் வீட்ல இருக்கு. வந்து பாத்துட்டு அப்பறம் என்ன வேணாப் பண்ணுங்க" என்றார்.

முருகேசன் வீடு ஏலத்தோட்டத்துக்குக் கீழே ஓட்டு வீடு. ஒரே அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மிளகு பறிக்கிறவர். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றைக்கால் ஏணி சாத்தி ஏறியபோது ஏணி வழுக்கிப் பாறைமேல் விழுந்தவர். அவர் வாயருகே ஒரு பழைய மேசை விளக்கின் வளைகிற கம்பி. அதன் முனையில், குளுக்கோஸ் ஏற்றுகிற மெல்லிய குழாயைக் கட்டியிருந்தார்கள். குழாய் போய் ஒரு சோப்பு டப்பாவுக்குள் நுழைந்தது. டப்பாவிலிருந்து ஒயர் கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

வர்கீஸ் சார் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்.

"உக்காருங்க சார். எனக்கு எந்திரிச்சு மரியாதை குடுக்க முடியாது. நீங்களாச்சும் உக்காருங்க" என்றார் முருகேசன்.

சார் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆட்கள் இருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டோம். முருகேசனின் மனைவி பாண்டியம்மாவை ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரிலிருந்து யாரோ கூட்டிவந்தார்கள். வந்த வேகத்தில் அவர் கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். "இந்தப் பெட்டியத் தூக்கிட்டுப் போகவா வந்தீக? அதுல ரெண்டு ஊது ஊதுனாத்தான் எனக்குப் போன்ல மணி அடிக்கும். அந்த மணிய நம்பித்தான் நான் வேலைக்குப் போறேன். இத எடுத்துட்டீகன்னா நான் எந்த வேலைக்குப் போக, என்னத்தத் திங்க?"

ஜப்தி செய்த கம்ப்யூட்டர் கோர்ட் அறையில் எத்தனை வருஷம் கிடக்கும், அந்த மலை ஈரத்தில் என்ன கதியாகும் என்று ரைட்டர் மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா. "கொஞ்சம் பொறுங்க அம்மிணி, சார் இன்னும் ஒண்ணுஞ் சொல்லலீங்களே" என்று அவர் கையைப் பிடித்து நகர்த்தினேன்.

செல்வின் சொன்னார். ஒரு காலத்தில் அவர் அதே பஜாரில் டி.வி. பெட்டி வைத்து வீடியோ கேம் கடை நடத்தியிருக்கிறார். சந்தை நாளில் முருகேசன் வந்து ஒரு கேம் மட்டும் ஆடுவார். குட்டி ஆள் ஒருவன் தோணியில் ஏறி ஆற்றோடு போகிற ஆட்டம். பாறை வந்தால் தோணி எகிற வேண்டும், மரக்கிளை வந்தால் தாழ வேண்டும். அதில் முருகேசனை ஜெயிக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லையாம். அவர் விழுந்தபிறகு பார்க்கப் போன செல்வினுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. போய்ப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். ஒருநாள் தன்னிடம் கிடந்த அந்த கேம் கேசட்டை எடுத்து, கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஊதினால் தோணி எகிறும்படியும் உறிஞ்சினால் தாழும்படியும் செய்துவிட்டார்.

"காசு வாங்கினாயோ?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். கொழாய் கூட, படுத்த படுக்கையா இருக்கறவுகளப் பாக்க வீட்டுக்கு வர்ற பாலியேட்டிவ் நர்ஸ் குடுத்தது."

சார் அனூப்பைப் பார்த்தார். "புகார் உன்னுடையது. ஓட்டிக் காட்டு."

அனூப் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அவர் படம் எடுத்து வந்திருந்த அதே முதல் திரை வந்தது. "இதுதான்" என்றார். சார், "ம், ஓட்டு" என்றார். ஆறு வந்தது, தோணி வந்தது. அனூப் கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினார். தோணி எகிறவில்லை. வேறு பட்டன், மவுஸ், ஒன்றுக்கும் அசையவில்லை. முதல் பாறையிலேயே தோணி முட்டி நின்றது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே பாறை. அந்தச் சின்ன அறையில் எல்லோரும் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் காது சிவந்துவிட்டது. "ஆபீஸில் நான் முதல் திரை வரைக்கும்தான் பார்த்தேன்" என்று சன்னமாகச் சொன்னார்.

"தம்பி, கைய எடுங்க. அது கைக்குக் கேக்காது" என்றார் முருகேசன்.

புகாரை நிரூபிக்க வேண்டுமானால் முருகேசன்தான் ஆடிக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவர் தலையை ஒரு அங்குலம் திருப்பி, குழாயை உதட்டில் கவ்வினார்.

ஆடினார். அதை எப்படிச் சொல்ல. ஒரு சின்ன ஊதல், தோணி எகிறும். ஒரு உறிஞ்சல், கிளைக்குக் கீழே நுழைந்து போகும். கன்னம் மட்டும் குழிந்து குழிந்து நிமிர்ந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை. பாண்டியம்மா முந்தானையால் அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்தார், அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. சாட்சிக்கு வந்தவர் "போடு" என்றார். நான் முறைத்தேன். ஆனால் எனக்கும் அதே வார்த்தைதான் வாயில் நின்றது. அனூப் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டார். அவரும் சின்ன வயதில் அதை ஆடியவர்தான் போல. ஆறு வளைகிற ஓர் இடத்தில் தன்னை மறந்து, "பார்த்து, இங்கே அடுத்தடுத்து ரெண்டு பாறை வரும்" என்றார்.

ஒரே ஒரு பாறைதான் வந்தது. முருகேசன் தாண்டிவிட்டு, குழாயை விட்டு மூச்சு வாங்கினார்.

"ரெண்டு இருந்துச்சு தம்பி. ஒண்ணாக்கிட்டோம். அடுத்தடுத்து ரெண்டு ஊத எங்க ஆளுகளுக்கு மூச்சு பத்தல. எங்கெங்க மூச்சு முட்டுதுன்னு நான் ஆடிப் பாத்துச் சொல்லுவேன், செல்வின் மாத்துவான். வட்டவடையில ஒரு பொண்ணு இருக்கு, ஜீப்பு கவுந்து கழுத்துல அடி. அதுக்கு என்னய விட மூச்சு கம்மி. அதுக்குன்னு தனியா மெதுவாக்கிக் குடுக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள நீங்க வந்துட்டீக."

இதுதான் அவர்கள் செய்த மாற்றம். ஒரு பாறையை எடுத்திருக்கிறார்கள்.

வர்கீஸ் சார் செல்வின் பக்கம் திரும்பிக் கேட்டார். "இன்டர்நெட்டில் போட்டது யார்?"

"நாந்தான் சார்" என்றார் செல்வின்.

"பொய் சொல்றான் சார்" என்றார் முருகேசன். "அவனுக்குத் தெரியவே தெரியாது. நாந்தான் போட்டேன். வாயில குச்சியக் கவ்விக்கிட்டு போன்ல நானே போட்டேன். தூரத்துல இருக்குற எங்கள மாதிரி ஆளுக ஒவ்வொருத்தரா கேட்டாக. ஒவ்வொருத்தருக்கா அனுப்ப முடியல. அதான் எல்லாரும் எடுத்துக்கட்டும்னு போட்டுட்டேன்."

பாண்டியம்மா அழ ஆரம்பித்தார். "அய்யா, அவருக்கு என்னா தெரியும்? படுத்துக் கெடக்கற மனுசன். தெரியாமச் செஞ்சுட்டாரு, விட்டுருங்க."

முருகேசனுக்கு வந்ததே கோபம். குரல் எழும்பவில்லை, மூச்சுதான் சீறியது. "படுத்துக் கெடந்தா ஒண்ணுந் தெரியாதா? தெரிஞ்சுதான் செஞ்சேன். சார், கேளுங்க. விழுந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் எம்மேல ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல. என்ன செஞ்சாலும் பாவம், என்ன சொன்னாலும் பாவம். மொத மொதல்ல ஒருத்தரு கொச்சியில இருந்து வந்து நீ செஞ்சது தப்புங்கறாரு. தப்புன்னா எம்பேர எழுதுங்க. அவன் பேர வெட்டுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. யூனிஃபார்மில் இருந்துகொண்டு அழக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வர்கீஸ் சார் எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். கட்டிலின் முன்னால் நேராக நின்று, எந்தக் குற்றவாளியிடமும் கேட்பது போலக் கேட்டார். பேர், தகப்பன் பேர், வயசு, இதைச் செய்தது நீதானா, யார் சொல்லிச் செய்தாய். நான் ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னேன். முருகேசன் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஒரு கேள்வியைக்கூட சார் குறைக்கவில்லை, ஒரு வார்த்தையைக்கூட மெதுவாக்கவில்லை. முருகேசன் பேர் இரண்டாம் பிரதியாகச் சேர்ந்தது. கேரளாவில் குற்றம் சாட்டப்பட்டவரைப் பிரதி என்றுதான் எழுதுவோம்.

அப்புறம் சார் வெளியே போய் அரசு வக்கீலம்மாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பழசு என்பதாலோ காசு வாங்கவில்லை என்பதாலோ மட்டும் தப்பிக்க முடியாது என்று அந்தம்மா முதலில் அடித்துச் சொன்னார். என் மனசு உட்கார்ந்துவிட்டது. பிறகு, யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று கேட்டார். சார் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். கைகளால் ஆட முடியவில்லை என்பதையும் பாறையையும் சொன்னார். அந்தம்மா புத்தகம் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. காப்பிரைட் சட்டத்தில் ஐம்பத்திரண்டாம் பிரிவில் குற்றமில்லாதவை என்று ஒரு நீளப் பட்டியல் இருக்கிறதாம். உடல் குறையுள்ளவர்கள் ஒரு படைப்பை அனுபவிக்கும்படி அதை மாற்றி, காப்பி எடுத்து, அப்படிப்பட்டவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று அதில் இருக்கிறது. புத்தகத்துக்கு மட்டும் என்று எழுதவில்லை, எந்தப் படைப்பு என்றாலும் சரி.

"ஆனால் ஊரெல்லாம் எடுக்கும்படி வெளியில் போட்டது இதற்குள் வருமா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த லிங்கை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். பெட்டியைத் தொட வேண்டாம். ஆடுவதை வீடியோ எடுங்கள், ஃபைலை ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்துப் பார்த்துக் கருத்து எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் அனுப்பக் கூடாது" என்றார்.

முருகேசன் எங்கள் முன்னாலேயே குச்சியைக் கவ்வி லிங்கை எடுத்துவிட்டார். செல்வினையும் கைது செய்யவில்லை, கூப்பிட்டால் வர வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்ததோடு சரி. அனூப் வாசலில் ஷூவைப் போட்டுக்கொண்டே, ஆபீஸில் நான் என்ன சொல்வது என்று சாரிடம் கேட்டார். அவருக்கும் வேலை முக்கியம்தானே. "பார்த்ததைச் சொல்" என்றார் சார். அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிறகு கொடுத்த வாக்குமூலத்தில், தன்னால் ஆட முடியவில்லை என்பதையும் கை உள்ளவர்கள் ஆடுவதற்கு அதில் வழியே இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார்.

நான் மகசரை முருகேசனுக்குத் தமிழில் வாசித்தேன். கம்ப்யூட்டர் ஒன்று, குழாய் ஒன்று, சோப்பு டப்பா ஒன்று, எதையும் எடுத்துச் செல்லவில்லை என்று முடித்தேன். பெருவிரல் ரேகை வைக்க அவர் கையை நான்தான் தூக்கி மையில் தொட்டு வைத்தேன். தன் விரல் காகிதத்தில் பதிவதை அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மாதக்கணக்கில் காகிதங்கள் மேலும் கீழும் போய்வந்தன. இதற்குள் ஆனைக்கரை பஜாரில் செய்தி பரவிவிட்டது. படுத்த படுக்கையாக இருக்கிறவர் மேல் கேஸா என்று ஆட்கள் பார்க்க வந்தார்கள். பாலியேட்டிவ் நர்ஸ், "எங்கே நம்ம ரெண்டாம் பிரதி" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவாராம். பழைய மிளகுக் கூட்டாளிகள் வந்து, உனக்கு எதுக்குய்யா இந்தத் திமிரு என்று திட்டிவிட்டுப் போவார்களாம். நான் ஒருமுறை விசாரணைக்குப் போனபோது முருகேசனே இதையெல்லாம் சொல்லிச் சிரித்தார். திட்டு வாங்குவதில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மாதங்களில் கேம் யாருக்கும் போகவில்லை. வட்டவடைப் பெண் போன் செய்யும்போதெல்லாம், இப்போது கொடுக்க முடியாது, கேஸ் நடக்கிறது என்று சொல்லிச் சொல்லி முருகேசனுக்கு அலுத்துவிட்டது. கடைசியில் அந்தப் பெண் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதாம். அதைச் சொன்னபோது சிரிப்பு போய்விட்டது.

வக்கீலம்மாவின் கருத்து வந்தது. லிங்கை யாரும் திறக்க முடிந்தாலும் அது நோயாளிகளின் போன் குழு ஒன்றில்தான் போடப்பட்டிருந்தது, மற்றவர்களுக்கு அது பயன்படாது, கேட்டதும் எடுத்துவிட்டார், ஆகவே குற்றம் இல்லை என்று எழுதியிருந்தார். இந்த மாற்றத்துக்குத் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கம்பெனியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. அனூப் பேசியிருக்க வேண்டும். வர்கீஸ் சார் கேஸை முடித்துக் கோர்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பினார். மாஜிஸ்ட்ரேட் ஏற்றுக்கொண்டார். இருவர் பேரும் நீங்கியது. "போய் நேரில் சொல்லு ருக்குமணி, போனில் சொல்லாதே" என்றார் சார்.

நல்ல செய்தி என்று நான் குதித்துக்கொண்டு போனேன். சொன்னதும் முருகேசன் முகம் வாடிவிட்டது.

"எம்பேர எடுத்துட்டீகளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை நாள் எழுத்து வேலை, எத்தனை தடவை ஜீப். "ஏனுங்க, ஜெயிலுக்குப் போகோணும்னு ஆசைங்களா உங்களுக்கு?"

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "அதில்ல ஏட்டம்மா. கடசியில நீங்களும் பாவம்னுதான விட்டீக. படுத்துக் கெடக்கறவன என்னத்தப் பண்றதுன்னு."

பாண்டியம்மா என்னைப் பார்த்தார். சும்மா இருங்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினார். நான் சும்மா இருக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பாவம்னு விடறதுக்கு எஸ்.ஐ.க்கு அதிகாரம் இல்லீங்க. எங்க சாரு அப்படி உடற ஆளும் இல்லீங்க. நீங்க தப்புப் பண்ணியிருந்தா, படுத்துட்டே இருந்தாலும் உங்க பேரு கோர்ட்டுக்குப் போயிருக்குமுங்க. உங்களாட்டம் இருக்கறவங்களுக்காக மாத்திக் குடுக்கலாம்னு சட்டத்துலயே எழுதியிருக்குதுங்க. நீங்க செஞ்சது அதுதான். அப்படித்தான் ரிப்போர்ட்டுல எழுதியிருக்கறோம். பாவம்ங்கற வார்த்தையே அதுல கெடையாது."

அவர் கண்ணை என் மேல் வைத்தபடி யோசித்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப வட்டவடைப் பொண்ணுக்குக் குடுக்கலாமா?"

"குடுக்கலாமுங்க. அந்தப் புள்ளையாட்டம் கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்கலாம். ஆனா மறுக்கா சந்தையில கொட்டற மாதிரி வெளிய போட்டுடாதீங்க. யாரு கேக்கறாங்க, அவுங்க நெலமை என்னன்னு தெரிஞ்சு ஒவ்வொருத்தருக்காக் குடுங்க. அப்பத்தான் சட்டத்துக்குள்ள நிப்பீங்க."

"ஒவ்வொருத்தரா ஆடிப் பாத்து, அவுகவுக மூச்சுக்குத் தக்கன மாத்தணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்குக் கெளையவே தூக்கிரணும். உறிஞ்ச முடியாது அதுக்கு."

நான் கேஸ் முடிந்த கதையை இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தலையைத் திருப்பிக் குழாயைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"பாண்டி, ஏட்டம்மாவுக்கு டீயக் குடுத்து அனுப்பு. செல்வினக் கையோட வரச் சொல்லு" என்றார். "எனக்கு வேல கெடக்கு."